இவருக்குப் பதில் இவர்

என் ராஜபார்ட்டுக்கு,

மேடையில் மட்டும்தான் உங்களை அப்படிக் கூப்பிட்டிருக்கிறேன். வீட்டில் "ஏங்க" என்பதைத் தாண்டியதில்லை. இப்போது திரும்பிப் பார்க்க ஆள் இல்லை என்பதால் எப்படி வேண்டுமானாலும் கூப்பிடலாம் என்று துணிந்துவிட்டேன்.

நான் அசந்துபோய்க் கிடக்கிறேன். துக்கம் விசாரிக்க வந்தவர்களுக்கு டீ போட்டே பாதி உயிர் போய்விட்டது. மீதி முட்டிவலியில் போகிறது. நம் மகள் செல்வி ஓசூரிலிருந்து தினமும் போன் செய்து சாப்பிட்டாயா என்கிறாள். சாப்பிட்டேன் என்று சொல்லிவிட்டு அப்புறம்தான் அடுப்பைப் பற்றவைக்கிறேன்.

உங்கள் சீரியல் நிற்கவில்லை. கருமாதி முடிந்து ஒரு நாள் டிவியைப் போட்டேன். உங்கள் முகம் வந்தது, பக்கத்தில் இன்னொரு முகம். கீழே 'இவருக்குப் பதில் இவர்' என்று எழுத்து. அவ்வளவுதான். அடுத்த நிமிஷம் அந்த ஆள் உங்கள் நாற்காலியில் உட்கார்ந்து உங்கள் மருமகளைத் திட்ட ஆரம்பித்துவிட்டார். உங்கள் சீரியல் பெண்டாட்டியோ கொஞ்சமும் கூசாமல் அவருக்குக் காப்பி கொண்டுவந்து நீட்டுகிறாள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார் மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை.

சினிமாவில் பாடத்தானே அன்றைக்குப் பொம்மிடியில் சென்னைக்கு ரயில் ஏறினீர்கள்? கிடைத்தது ஒரே ஒரு பாட்டு. திரையில் நின்றது நீங்கள், பாடியது வேறு யாரோ. ஊரே டிராக்டர் பிடித்துப் போய்ப் பார்த்துவிட்டு வந்து உங்களைக் கொண்டாடியது. அந்தச் சந்தடி அடங்கியபிறகு என்னிடம் மட்டும் சொன்னீர்கள்: "அடுத்தவன் தொண்டைக்கு என் வாய எரவல் குடுத்துட்டு வந்துட்டேன் புள்ள." அதற்கப்புறம் பல நாள் நீங்கள் சரியாகப் பேசவே இல்லை.

பிறகு சீரியலில் மாமனார், சம்பந்தி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுகிற அப்பா. ஒரு வரி பாட விட்டார்களா? விழுந்து விழுந்து பழகி, கடைசியில் நிஜமாகவும் அப்படியே போய்விட்டீர்கள்.

மாசியில் நம்மூர் மாரியம்மன் பண்டிகைக்கு வந்து மேடை ஏறினால்தான் உங்களுக்கு மூச்சே வரும். அந்த ஒரு நாளுக்காக நானும் ராணி வேஷம் கட்டுவேன். ராஜாவும் ராணியும் மாறி மாறிப் பாடுகிற தர்க்கப் பாட்டில் கடைசி வரி ராஜாவுக்கு என்பதுதான் பாடம். ஆனால் நீங்கள் மூச்சு வாங்குகிற இடைவெளியில் நானே ஒரு வரி போட்டு முடித்துவிடுவேன். ஜனம் கைதட்டும். வீடு வரைக்கும் நீங்கள் சண்டை பிடித்துக்கொண்டே வருவீர்கள்.

இந்த வருஷம் என்ன நடந்தது தெரியுமா? சிரிக்காமல் கேளுங்கள். நம் கோயில் தர்மகர்த்தா சென்னைக்குப் போன் போட்டு, சீரியலில் உங்களுக்குப் பதில் வந்த அதே ஆளை ராஜா வேஷத்துக்குப் பேசிவிட்டார். பஸ் ஸ்டாண்டில் பிளெக்ஸும் வைத்தாகிவிட்டது. உங்கள் படம், அவர் படம், கீழே அதே எழுத்து. ஏன் இப்படி என்று தர்மகர்த்தாவைக் கேட்டால் அவருக்கு என் கேள்வியே விளங்கவில்லை.

"டிவியில அவருக்குப் பதிலு இவருன்னு போட்டுட்டாங்க இல்லீங்களா? அப்பறம் நம்ம நாடகத்துக்கு மட்டும் வேற ஆளத் தேடறதுங்களா?"

பிளெக்ஸ் பக்கம் திரும்பாமல் வீடு வந்து சேர்ந்தேன்.

அந்த நடிகர் போன வாரம் நம் வீட்டுக்கு வந்தார். பெயர் தினகரன். கெட்டவர் இல்லை, அதுதான் கஷ்டம். திட்டுவதற்கு என்று சேர்த்து வைத்திருந்ததெல்லாம் வீணாகிவிட்டது. உங்கள் படத்துக்கு முன்னால் கும்பிட்டு நின்றார். களியும் கீரைக் குழம்பும் போட்டேன். களியைப் போட்டு மென்றுகொண்டிருந்தார், விழுங்கச் சொல்லிக் கொடுத்தேன். கை கழுவிய பிறகுதான் விஷயத்துக்கு வந்தார். நாடகம் என்றால் வசனம்தான் என்று நினைத்து ஒப்புக்கொண்டாராம். அத்தனையும் பாட்டு என்பது இங்கே வந்துதான் தெரிந்ததாம்.

"எனக்குப் பாடவே வராதுக்கா. நீங்க சைடுல மறைவா உக்காந்து சார் பாட்டைப் பாடிடுங்க. நான் வாயசைச்சிடறேன்."

சரி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். எனக்கும் அதுதான் சுலபம். நிற்க வேண்டாம், வேஷம் கட்ட வேண்டாம், யார் முகத்தையும் பார்க்க வேண்டாம். ஆனால் நீங்கள் இரவல் கொடுத்த வாய் நினைவுக்கு வந்துவிட்டது. எந்தக் காரியம் உங்களைப் பல நாள் பேசவிடாமல் செய்ததோ, அதையே நம்மூர் மேடையில், உங்கள் பாட்டுக்கே நான் செய்யலாமா?

"வேண்டாந் தம்பி. நீங்க மந்திரி வேஷங் கட்டுங்க, அதுல வசனந்தான். ராசா வேஷத்த நாங் கட்டறேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. தினகரனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தர்மகர்த்தா முகத்தைச் சுளித்தார், பிறகு வேறு வழியில்லாமல் தலையாட்டினார். ராணிக்கு அரூரிலிருந்து ஒரு பெண் வருகிறாள். செல்விதான் போனில் என்னைப் பிடித்துக்கொண்டாள். நாலு படி ஏற முடியாத உனக்கு எதற்கம்மா இது என்கிறாள். அவள் கேட்பது நியாயம்தான். ஆசையில் செய்கிறேன் என்று நீங்களும் நினைத்துவிடாதீர்கள். உங்கள் பாட்டு முழுசாகத் தெரிந்த ஆள் வேறு யார் இருக்கிறார்கள்? இத்தனை வருஷம் எதிரே நின்று கேட்டவள் நான்தானே?

நேற்று உங்கள் வேஷப் பெட்டியைத் திறந்தேன். அங்கியில் அரிதாரமும் வியர்வையும் கலந்த உங்கள் வாசனை இன்னும் இருக்கிறது. கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு தோளைப் பிரித்து என் அளவுக்குத் தைத்தேன். கிரீடம் என் தலையில் நிற்காமல் கண்வரைக்கும் இறங்கியது. உள்ளே உங்கள் துண்டை மடித்து வைத்ததும் நின்றது.

அரூர்ப் பெண்ணிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன், ராஜா மூச்சு வாங்கும்போது குறுக்கே பாடக்கூடாது என்று. முட்டி என்ன பாடு படுத்தினாலும் சரி, கடைசி வரியை முழுசாகப் பாடாமல் மேடையை விட்டு இறங்க மாட்டேன். இந்த ஒரு தடவை அது உங்களுக்குத்தான். வீட்டுக்கு வருகிற வழியில் சண்டை பிடிக்கத்தான் ஆள் இருக்காது.

உங்களுக்கு எதிர்ப்பாட்டுப் பாடியே வயசான உங்கள் வீட்டுக்காரி,
செல்வி அம்மா