காலை இழுத்துக்கொண்டாள்

தோர்ணே ஆற்றங்கரை,
6 மார்ச்சு 1989

அன்பில் குறையாத சிர்க்கா அக்காவுக்கு,

நலம். முழங்கால் மட்டும் மறுபடி வீங்கிக் கிடக்கிறது. உள்ளே எலும்பு எப்போது முறிந்ததென்று வழக்கம்போல் எனக்குத் தெரியாது.

சனிக்கிழமை நீராவிக் குளியலில், "எவன் சாசேஜ் கறிய அடுப்பு மேல மறந்தது? கருகுது!" என்று கத்தினேன். ரவுனி அலறினாள்: "அட கூறுகெட்டவனே, கருகுறது உன் தோளு!"

மே மாதம் அவளுக்குப் பேறுகாலம்; நான் அப்பனாகப் போகிறேன். அவளும் இந்நோய் ஓடும் நம் ஆற்றங்கரைக் குடிவழியில் வந்தவள். பிள்ளையும் என்னைப்போல் வலியறியாமல் பிறந்தால் என் செய்வேன்? குளியல்தோறும் உச்சி முதல் உள்ளங்கால் வரை புண் தேடிப் பார்த்து என்னைக் காத்தவள் நீ. வேலையை விட்டு வந்துவிடு, அக்கா.

தம்பி,
தைஸ்தோ


கோத்தன்பர்க்,
19 மார்ச்சு 1989

அருமைத் தம்பிக்கு,

சூடு பட்டதும் தோலின் நரம்பு தண்டுவடத்துக்குச் சொல்கிறது, கை விலகுகிறது. அதன் பின்னரே மூளை அதை வலியென்று அறிகிறது. இதைத்தான் இந்த ஆய்வுக்கூடத்தில் நாளெல்லாம் அளக்கிறேன். அந்தத் தூதர்கள் உனக்குப் பிறக்கவில்லை. அவர்களுக்கு மாற்றாக, என் எட்டு வயதில் என்னை உனக்குக் காவலாக நிறுத்தினார்கள். உன் எலும்பு முறிந்தால் அடி எனக்கு. எனக்குப் பல் வலித்தாலோ, "வலி தெரியுதேன்னு சந்தோசப்படுடி" என்றார் அம்மா.

பதினேழு ஆண்டுகள் நின்றேன். இனி நிற்கமாட்டேன். வெறுப்பில்லை தம்பி, களைப்பு.

சிர்க்கா


தோர்ணே ஆற்றங்கரை,
24 மே 1989

என் அக்காவுக்கு,

பெண் பிறந்தாள். மூன்றாம் நாள் செவிலி குருதி எடுக்கக் குதிகாலில் ஊசி குத்தினாள். குழந்தை காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள், அக்கா! பிறகு வீரிட்டாள்!

"மன்னிச்சிடுங்க, பிஞ்சுக் காலு" என்றாள் செவிலி.

"இன்னொரு தடவ குத்துங்களேன்!" என்றேன்.

"கிட்ட வந்தே, உன்னக் குத்திருவேன்" என்றாள் ரவுனி.

"குத்தேன், எனக்கென்ன?"

சிரித்தேன், அழுதேன். மார்போடு அணைத்தேன், தேம்பல் அடங்கியது. முப்பது வயதில், முதன்முதலாக, ஒருவர் வலியை ஆற்றினேன். அப்போதுதான் உறைத்தது: உன்னை ஒருநாளும் நான் ஆற்றியதில்லை. வலி தெரியாதது என் குற்றமன்று. உனக்கு வலிக்கிறதா என்று கேளாதது என் குற்றம்.

நான் நடப்பது உன்னால். இவளைத் தூக்கும் கைகள் எனக்கு எஞ்சியிருப்பது உன்னால். நன்றி, அக்கா, நூறுமுறை நன்றி.

காவலுக்கு வரவேண்டாம். எழுது, போதும். எங்கே வலித்தது, எப்படி வலித்தது, ஒன்று விடாமல் எழுது. மெல்லப் படித்துக்கொள்கிறேன்.

உன் தைஸ்தோ