எதிர்ப்பக்க நாற்காலி

ஆகஸ்ட் 4, செவ்வாய்

காலையிலிருந்து போனைக் கீழே வைத்த பாடில்லை. காது சுடுகிறது. வியாழக்கிழமை விவாதத்தின் தலைப்பு: ‘ஏறுவது கடலா, பயமா?’ கடல்தான் என்று பேச ஆய்வாளர் அம்மா உடனே ஒத்துக்கொண்டார். கடல்மட்டத்தை அளக்கும் நிலையத்தில் வேலை பார்ப்பவர். பயம்தான் என்று வழக்கமாகப் பேசுகிறவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. எங்கள் டிவி நிகழ்ச்சியில் எழுதி வைக்காத சட்டம் ஒன்று உண்டு. எதிரெதிராக இரண்டு நாற்காலி, இரண்டிலும் ஆள். ஒன்று காலி என்றால் நிகழ்ச்சியே கிடையாது. ஆள் பிடிக்கிற வேலை என்னுடையது.

நிகழ்ச்சி ஆசிரியர் தலைக்கு மேல் நின்றார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் கடிகாரம். பேசும்போது நம் முகத்தைப் பார்க்க மாட்டார், சுவர்க் கடிகாரத்தைத்தான் பார்ப்பார். “எல்லாரும் ஒத்துக்கிட்டா நம்ம பொழப்பு என்ன ஆகறது? யாரையாவது புடிங்க.”

அண்ணன் நினைவு வந்தது. கல்லூரியில் எந்தப் பக்கம் கொடுத்தாலும் பேசிக் கோப்பையோடு வருவான். வேலை பார்த்த கம்பெனியை மூடியதிலிருந்து அப்பா வீட்டில் போர்வைக்குள் சுருண்டு கிடக்கிறான். ஒரு நாள் நல்ல சட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்தால் போதும் என்றிருந்தது எனக்கு. அவ்வளவுதான் நினைத்தேன்.

ஆகஸ்ட் 6, வியாழன்

பிளந்து கட்டிவிட்டான்.

ஆய்வாளர் அம்மா ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் ‘பெரும்பாலும்’ என்று ஒரு சொல்லைப் போட்டார். தாழ்வான தெருக்களுக்குள் தண்ணீர் எப்போது வரும் என்று கேட்டதற்கு, உறுதியாக ஒரு தேதி சொல்ல முடியாது என்றார். அண்ணன் விடுவானா? “கடலுக்கே தேதி தெரியலையாம். நாம எதுக்குங்க மூட்டை கட்டணும்?” கேமரா பிடித்தவர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள். நானும்தான். அந்த அம்மா பொய் சொல்லக் கூடாது என்று தயங்கினார். பார்த்தவர்களுக்கு அது தடுமாற்றமாகத் தெரிந்தது.

அப்பா போன் செய்தார். ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர், குரல் இன்றும் கடைசி சீட்வரை கேட்கும். தெருவே உட்கார்ந்து பார்த்ததாம். அண்ணன் வீட்டுக்குத் திரும்பி, குளித்து, அவரோடு உட்கார்ந்து சாப்பிட்டானாம். இதைக் கேட்டு அழுதேன்.

செப்டம்பர் 1, செவ்வாய்

இப்போது வாராவாரம் அவன்தான். பழைய ஆளுக்குத் தொண்டை சரியாகிவிட்டது, யாரும் கூப்பிடுவதில்லை.

இன்று என் வீட்டுக்கு வந்து ஏதேதோ வரைபடங்களைக் காட்டினான். பூமி முன்பும் சுட்டிருக்கிறதாம், ஆறியிருக்கிறதாம். என்னிடமே எதற்கு நாடகம், நீ பேசுவதை நீயே நம்புகிறாயா என்று கேட்டேன். சிரிப்பான் என்று நினைத்தேன்.

“மொதல்ல நம்பல. பேசப் பேசத்தான் தெரியுது, நான் சொல்றதுதான் சரி.”

வரைபடங்களை மடித்து அவன் கையிலேயே கொடுத்தேன்.

செப்டம்பர் 12, சனி

அப்பா வீட்டுக்குப் போனேன். கடலுக்கு இரண்டு தெரு தள்ளி, தரைத்தளம். வானத்தில் ஒரு மேகம் இல்லை. ஆனால் குளியலறைச் சாக்கடை வழியாகத் தண்ணீர் மேலே வந்து நிற்கிறது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு. கூடத்துச் சுவரின் அடிப்பக்கம் பொரிந்து உதிர்கிறது. அப்பா செய்தித்தாளால் மறைத்து வைத்திருக்கிறார்.

கட்டில் காலுக்குக் கீழே செங்கல் வைக்கலாம் என்றேன். அதில் ஏற ஏணிக்கு நான் எங்கே போவேன் என்றார் அப்பா. முழங்கால் அவருக்கு மடங்குவதே இல்லை. அண்ணன் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறான்.

செப்டம்பர் 17, வியாழன்

“எங்க வீட்லயே ஒருத்தங்க கட்டிலுக்கு அடியில செங்கல் வைக்கச் சொல்றாங்க. அடுத்து மொட்டை மாடியில படகு கட்டச் சொல்வாங்க போல.”

அரங்கமே அதிர்ந்தது. நான் கண்ணாடிக்குப் பின்னால், கட்டுப்பாட்டு அறையில், அவனுடைய தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

செப்டம்பர் 21, திங்கள்

அப்பா தெருக் கடைக்காரர் என்னைப் பார்த்ததும், “என்னம்மா, செங்கல் எத்தனை வேணும்?” என்றார். தெருவே ஒரு பாட்டம் சிரித்தது. அலமாரிகளை உயர்த்தி வைத்திருந்த எதிர்வீட்டுக்காரர்கள் வெட்கப்பட்டு இறக்கிவிட்டார்களாம்.

சிரிப்புக்கு எப்படிப் பதில் சொல்வது? பயத்துக்குச் சொல்லலாம், கோபத்துக்குச் சொல்லலாம்.

அக்டோபர் 8, வியாழன்

நிகழ்ச்சி முடிந்து நடைவழியில் ஆய்வாளர் அம்மா அண்ணனை நிறுத்தினார். டிவியில் நீங்கள் என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள் என்று மெதுவாகத்தான் ஆரம்பித்தார். “இந்த மாசப் பௌர்ணமியோட கடல்காத்தும் சேர்ந்தா உங்க தெரு தாங்காது. அப்பாவை மட்டுமாவது கூட்டிட்டுப் போயிடுங்க.”

“இதுக்கும் ‘பெரும்பாலும்’ உண்டா மேடம்?”

அவர் அவனையே பார்த்தார். “உண்டு” என்றார். போய்விட்டார்.

ஏன் உண்டு என்று சொன்னார்? இல்லை என்று ஒரு பொய் சொல்லியிருக்கக் கூடாதா?

அக்டோபர் 10, சனி

அப்பாவைக் கெஞ்சினேன். என் வீட்டுக்கு வாங்க, லிஃப்ட் இருக்கிறது, பத்து நாள் மட்டும் என்றேன். முதலில் விளையாட்டாகத் தட்டிக் கழித்தார். பிறகு டிவியை அணைத்துவிட்டுச் சொன்னார்:

“எம் பையன் ஊருக்கே சொல்றான் வராதுன்னு. நானே மூட்டையைத் தூக்கிட்டுக் கெளம்பினா அவன் மூஞ்சியை எங்க கொண்டு வெச்சுக்குவான்? இப்பத்தான் எழுந்து நடமாடறான்.”

தண்ணீர் வராது என்று நம்பி அவர் அங்கே இருக்கவில்லை. மகனுக்காக இருக்கிறார். இதற்கு எந்த ஆய்வாளரைக் கூப்பிடுவது? கத்தினேன். கையெடுத்துக் கும்பிட்டேன். முன்னாடி போ, முன்னாடி போ என்று கண்டக்டர் குரலில் வாசல்வரை தள்ளிவிட்டார்.

அக்டோபர் 25, ஞாயிறு

காற்று திரும்பிவிட்டது, கடலிலிருந்து அடிக்கிறது. நாளை பௌர்ணமி. நாளை சிறப்பு விவாதமாம், மாலை ஏழு மணிக்கு. எதிர்ப்பக்க நாற்காலிக்கு அண்ணனை அழைக்க மாட்டேன் என்றேன். கடிகாரம் தானே போன் செய்துகொண்டார்.

அக்டோபர் 28, புதன் (ஆஸ்பத்திரி)

நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

திங்கள் மதியம் அப்பாவிடம் போனேன். பையை நானே கட்டினேன். கடைசியில் மனம் இறங்கினார். அவன் பேசுவதை இங்கே இருந்து பார்த்துவிடுகிறேன், நிகழ்ச்சி முடிந்ததும் நீயே வந்து அழைத்துப்போ, யாருக்கும் தெரிய வேண்டாம் என்றார். நான் சரி என்றேன். எவ்வளவு சந்தோஷமாகச் சரி சொன்னேன்! ஜெயித்துவிட்டேன் என்று வேலைக்குப் போனேன். ஏன் போனேன்? தூக்கிக்கொண்டு வந்திருக்கலாமே. கட்டிப் போட்டு இழுத்து வந்திருக்கலாமே.

நிகழ்ச்சி பாதியில் என் போன் அடித்தது. பக்கத்து வீட்டுத் தையல்காரர். தெருவில் கரண்ட் போய்விட்டது, தண்ணீர் ஏறுகிறது என்றார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அண்ணன் கேமராவைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தான், இன்று எல்லோரும் நிம்மதியாகத் தூங்குங்கள் என்று. கதவைத் திறந்து கத்தினேன். ஒலியைத் துண்டித்துவிட்டு விளம்பரம் போட்டார்கள்.

தையல்காரர்தான் கதவை உடைத்துத் தூக்கி வந்திருக்கிறார். நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தாராம், நெஞ்சளவு தண்ணீரில், அணைந்த டிவிக்கு முன்னால். அந்தத் தண்ணீரைக் குடித்திருக்கிறார். நுரையீரலில் சளி கட்டிவிட்டது என்கிறார் டாக்டர்.

இன்று காலை கண் விழித்தார். அண்ணன் காலடியில் நின்றான். அப்பா மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார்: “கரண்ட் போயிடுச்சுடா. கடைசியில என்ன சொன்ன?”

அண்ணன் அப்பாவின் காலில் போர்வையை இழுத்துவிட்டான். “எல்லாரும் பத்திரமா இருங்கன்னு சொன்னேம்ப்பா.”

“அதான். சரியாச் சொன்ன.”

நவம்பர் 2, திங்கள்

அப்பா போய்விட்டார்.

நவம்பர் 11, புதன்

வடிகாலைத் தூர் வாரவில்லை, அதனால்தான் தண்ணீர் நின்றது என்கிறான். வருகிற ஆட்களிடமெல்லாம் அதையே சொல்கிறான். கடலில்லை, வடிகால். கடலில்லை, வடிகால். சாப்பிட உட்கார்ந்தால் சொல்கிறான், எழுந்தால் சொல்கிறான்.

நாக்கில் வந்ததையெல்லாம் கொட்டினேன். நீதான்டா கொன்ன என்று சொல்ல வாயெடுத்தேன். அவன் கண்ணைப் பார்த்தேன். அப்படியே விழுங்கிவிட்டேன். கடல்தான் என்று ஒருமுறை ஒத்துக்கொண்டால் அடுத்த வாக்கியம் என்ன என்று அவனுக்குத் தெரியும். பேச்சாளன் அல்லவா? அந்த வாக்கியத்தை எட்டாமலிருக்கத்தான் இவ்வளவு பேச்சும்.

அவனை அந்த நாற்காலியில் உட்கார வைத்தது யார்? எனக்கும் ஒரு வடிகால் கிடைத்தால் நன்றாக இருக்கும்.

நவம்பர் 19, வியாழன்

கூப்பிட்டார்கள். போனான்.

“எங்க அப்பாவையே பறிகொடுத்தவன் சொல்றேன். இது கடல் இல்ல.”

யாரும் சிரிக்கவில்லை. ஆய்வாளர் அம்மா எதிரில் காகிதத்தைத் திறந்தார், மூடினார். அப்பாவைப் பறிகொடுத்தவனிடம் எந்த அளவைக் காட்டுவார்? கடிகாரம் முதல்முறையாகக் கடிகாரத்தைப் பார்க்க மறந்து நின்றார். நிகழ்ச்சி அமோக வெற்றியாம்.

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து வாந்தி எடுத்தேன்.

நவம்பர் 20, வெள்ளி

வேலையை விட்டுவிட்டேன். நாற்காலிக்கு ஆள் பிடிக்க வேறு ஆள் பிடித்துக்கொள்ளட்டும்.

டிசம்பர் 10, வியாழன்

இன்று அண்ணன் நிகழ்ச்சிக்குப் போகவில்லையாம். உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டானாம். பழைய ஆள் வந்து பேசினார்.

டிசம்பர் 23, புதன்

நாளை மறுபடி பௌர்ணமி, காற்றும் இருக்கிறது. தெருவில் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. கடைக்காரர் கடையைக் காலி செய்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார். அண்ணன் மட்டும் அப்பா வீட்டில் இருக்கிறான். சுவரைச் சுரண்டிப் புதிதாக வெள்ளையடித்திருக்கிறான்.

“ரெண்டு நாள் எங்க வீட்ல வந்து இருண்ணா.”

“தண்ணி வராது. உன் வேலையைப் பாரு.”

அப்பா சொல்லியிருந்தால்கூட இப்படித்தான் சொல்லியிருப்பார் என்று தோன்றியது. இன்னும் எத்தனை பௌர்ணமிக்கு இதே வாசலில் வந்து நின்று இதே கெஞ்சலைக் கெஞ்சுவேன்? வாதாட எனக்குத் தெம்பில்லை. டீ போடுகிறேன் என்று அவன் அடுப்பைப் பற்றவைக்கப் போனான். நான் அப்பாவின் கட்டிலில் போய் உட்கார்ந்தேன்.

கால் தரைக்கு எட்டவில்லை.

தரைவரை இழுத்துத் தொங்கவிட்டிருந்த போர்வையைக் கொஞ்சம் விலக்கினேன். கட்டிலின் ஒவ்வொரு காலுக்கும் அடியில் புதுச் செங்கல், ஒன்றின்மேல் ஒன்றாக.

நிமிர்ந்தபோது அண்ணன் இரண்டு டம்ளர்களோடு வாசற்படியில் நின்றிருந்தான். போர்வையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். நான் போர்வையைப் பழையபடி இழுத்துவிட்டேன்.

“டீ ஆறுது, குடி” என்றான்.

குடித்தேன்.