படம் ஒன்று: உள்ளங்கை

மார்ச் 4

அடியே புத்தகப்புழு,

போனில் கேட்டால் குரல் காட்டிக்கொடுத்துவிடும், அதனால் எழுதுகிறேன். நூலகத்தில் வேலை எப்படி? உன் தம்பி ஒழுங்காகச் சாப்பிடுகிறானா, இல்லை உன்னோடு சண்டை போட்டே வயிறு நிறைகிறதா?

உன் அம்மாவுக்கு வந்த நோயைப் பற்றி எங்கள் துறைத் தலைவர் சீஃபும் நானும் ஒரு மருத்துவ இதழுக்குக் கட்டுரை எழுதியிருக்கிறோம். சிறுநீரகத்தின் தலையில் உட்கார்ந்திருக்கும் சின்னச் சுரப்பி வற்றிப்போகிற நோய். உள்ளங்கை ரேகை கறுப்பதும் உப்புக்கு ஏங்குவதும்தான் முதல் அடையாளம். மருந்து இருக்கிறது; நேரத்தில் கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடு. பெயர் வராது. 'ஐம்பத்தாறு வயதுத் தையல்காரப் பெண்' என்று மட்டும் இருக்கும். கடைசியாக மருத்துவமனையில் சேர்த்தபோது எடுத்த உள்ளங்கைப் படம் ஒன்று உண்டு. குடும்பத்தில் ஒருவர் சம்மதக் கையெழுத்துப் போட்டால்தான் இதழில் எடுத்துக்கொள்வார்கள். வரைவை இதோடு வைத்திருக்கிறேன்.

என் பெயர் முதலில் வரப்போகும் முதல் கட்டுரை. அம்மா இருந்திருந்தால் தெருவுக்கே காட்டியிருப்பார்கள்.

உன்
ஊசி

மார்ச் 15

அன்புள்ள ஊசி,

அந்தப் பெயரை உனக்கு வைத்ததே அம்மாதான். "நம்ம வீட்டுக்கு ரெண்டு ஊசி, ஒண்ணு துணிக்கு, ஒண்ணு உடம்புக்கு" என்பாள்.

அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். படத்தைப் பார்த்ததும் மூடிவிட்டு, அடுத்த நாள்தான் திறந்தேன். ஆள்காட்டி விரலில் மெஷின் ஊசி ஏறிய தழும்பு அப்படியே தெரிகிறது.

இரண்டாம் பத்தியில் ஒரு வரி: 'நோயாளி தாமதமாகவே மருத்துவமனைக்கு வந்தார்.'

உனக்கு நினைவில்லையா? மழை தொடங்கும் முன்பே அம்மாவை உன்னிடம் கூட்டிவந்தேன். வெளியே நீள வரிசை. நீ எங்களை முன்னால் கூப்பிட்டாய். அம்மா கையை நீட்டினாள். "ரேகையெல்லாம் ஏம்மா இப்படிக் கறுக்குது? உப்ப அள்ளித் தின்னணும் போல வேற இருக்கு."

நீ சிரித்தாய். "சாயத்துணி தச்சா கை கறுக்காம வெளுக்குமா? ராத்திரி கண்ணு முழிக்கறத விடுங்க, எல்லாம் சரியாப் போயிடும்." அம்மாவும் சிரித்தாள். சத்து மாத்திரை எழுதிக்கொடுத்தாய்.

ஸ்ட்ரெச்சரில் வந்தது அதற்கப்புறம்தான்.

தம்பி இன்றைக்கும் தட்டைப் பார்த்தபடி சொல்கிறான்: "நீ முன்னாடியே கூட்டிட்டுப் போயிருக்கணும்." நான் வாயைத் திறப்பதில்லை. திறந்தால் உன்னைச் சொல்ல வேண்டிவரும். இப்போது அவன் சொல்வது அச்சிலும் வரப்போகிறது.

உன்
புத்தகப்புழு

மார்ச் 24

அன்புள்ள புழு,

உன் கடிதத்தை வெள்ளைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு அலைகிறேன்.

'தாமதமாக வந்தார்' என்பது எங்கள் எல்லாருடைய கட்டுரையிலும் இருக்கிற வரி. யோசித்து எழுதுவதில்லை, பழைய கட்டுரையிலிருந்து புதிதுக்குத் தானாக நடந்து வந்துவிடும். உன்னைக் குற்றம் சொல்ல எழுதியதில்லை, நம்பு.

சீஃபிடம் பேசினேன். "முதல் விசிட்டப் போட்டா படிக்கறவன் நோயப் பார்க்க மாட்டான்மா, நம்ம டிபார்ட்மென்டத்தான் பார்ப்பான்" என்றார். வேண்டுமானால் அந்த வரியை எடுத்துவிடலாம் என்கிறார். எடுத்துவிட்டால் யார் மேலும் பழி இல்லை. இந்த வருடம் என் வேலை நிரந்தரமாக இந்தக் கட்டுரை வேண்டும். அதுவும் உனக்குத் தெரியும்.

கையெழுத்துப் போட்டு அனுப்புவாய்தானே?

உன்
ஊசி

ஏப்ரல் 2

அன்புள்ள ஊசி,

கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஆனால் ஒன்றைச் சொல்லிவிட்டுத்தான்.

அன்றைக்கு எங்களுக்கு முன்னால் உன் அறையில் ஒரு பெரியவர் இருந்தார். திரை முழுவதும் மூடவில்லை. அவர் கையை விளக்குக்குக் கீழே பிடித்து, நகம் நகமாகப் பார்த்தாய். எனக்குப் பெருமையாக இருந்தது. அம்மாவின் கையை நீ தொடக்கூட இல்லை. அது ஏன் கறுத்தது என்று முன்பே தெரியும் என்று நினைத்துவிட்டாய். எங்கள் வீட்டில் உட்கார்ந்து அந்தக் கை தைப்பதைப் பார்த்தவள் நீ. யாரோ ஒருத்தியாக வந்திருந்தால் அம்மா பிழைத்திருக்கலாம்.

உன் பெயரைப் போட வேண்டாம், பழியும் வேண்டாம். 'மருத்துவருக்கு இந்த நோயாளியை முன்பே தெரியும். அதனால் கையைப் பார்க்கவில்லை' என்று ஒரு வரி போதும். எங்கேயோ ஒரு டாக்டர் அதைப் படித்துவிட்டுத் தன் பக்கத்து வீட்டுக்காரியின் கையைத் திருப்பிப் பார்ப்பார். அந்த வரியோடு வருவதானால் மட்டும் இந்தச் சம்மதம்.

உன்
புத்தகப்புழு

ஏப்ரல் 20

அன்புள்ள தோழிக்கு,

சீஃப் ஒத்துக்கொள்ளவில்லை. என்னாலும் எழுத முடியவில்லை. உட்கார்ந்து பார்த்தேன். அந்த ஒரு வரியைத் தவிர மற்றதெல்லாம் வருகிறது.

கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். உனக்காகத்தான். இனி எங்கேயும் வராது, நீ நிம்மதியாக இருக்கலாம். சீஃப் வேறொரு நோயாளியை வைத்து எழுதச் சொல்லியிருக்கிறார்.

மழைக்கு முன்னால் ஒரு தடவை வீட்டுக்கு வரட்டுமா?

ஊசி

ஏப்ரல் 27

டாக்டர் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. எனக்காக என்று எழுதியிருக்கிறீர்கள். நான் கேட்டது வேறு.

நேற்று தம்பியிடம் முதல் தடவை கூட்டிப்போன கதையை முழுக்கச் சொன்னேன். தட்டிலிருந்து நிமிர்ந்து பார்த்தான். பிறகு, "அக்கா, நீயும் சாப்பிடு" என்று தட்டை என் பக்கம் தள்ளினான்.

நீங்கள் வர வேண்டாம். வந்தால் பழைய மாதிரி சிரித்துப் பேசிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

அந்த உள்ளங்கைப் படத்தின் அசல் இனி உங்களுக்குத் தேவைப்படாது. திருப்பி அனுப்புங்கள். நூலகத்தில் மருத்துவம் படிக்கிற பிள்ளைகள் நிறைய வருகிறார்கள். அவர்கள் மேசைக்கு எதிரே மாட்டப்போகிறேன். யாருடைய கை என்று கேட்டால், சொல்வேன்.

இப்படிக்கு,
நோயாளியின் மகள்