கடைசிப் பக்கத்தைப் படித்துவிட்டேன்

இர்விங், டெக்சஸ்
9 அக்டோபர் 1998

அன்பு மகள் ரெபெக்காவுக்கு,

ஆண்டவர் கிருபையால் அப்பாவும் நானும் சுகம். இஸ்தான்புல்லில் நீயும் சுகம் என்று நம்பிக்கொண்டுதான் எழுதுகிறேன், பத்து நாளாகப் போனையும் எடுப்பதில்லை, ஈமெயிலுக்கும் பதில் இல்லை. உன் கோபம் நியாயம்தான். நீ அனுப்பிய நோட்டைப் பிரித்தால் முதல் பக்கத்திலேயே உன் கையெழுத்தில், அவனை நினைத்துத் தூக்கம் போயிற்று, யார் ஏசினாலும் கவலையில்லை என்று எழுதியிருக்கிறது. ஆபீசிலிருந்து அப்பாவை வரவழைத்தேன். வந்ததும் உனக்குப் போன் போட்டு, யார் அவன் என்று கத்தினார், நானும் பக்கத்தில் நின்று தூபம் போட்டேன். நீ, “அம்மா, கடைசிப் பக்கம் படிச்சீங்களா?” என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டாய். அந்த வேகத்திலேயே அப்பா இருபத்து நாலாம் தேதிக்கு உனக்கு டிக்கெட் போட்டு, மகள் படிப்பை நிறுத்திவிட்டு வருகிறாள் என்று உன் புரொபசருக்கும் எழுதிவிட்டார்.

நேற்றுத்தான் கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன். எல்லாம் பல நூறு வருஷத்துக்கு முன் துருக்கிப் பெண்கள் எழுதிய கவிதை, படிப்புக்காகத் தமிழில் பெயர்த்திருக்கிறேன், அமெரிக்கா வந்த பன்னிரண்டு வயதோடு நின்றுபோன என் தமிழைத் திருத்திக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறாய். அந்தப் பெண்கள் காதலைப் பாடினபோதும் யாரை நினைத்து என்றுதான் ஊர் கேட்டதாமே. புகழ்ந்து எழுதிய ஆண்கள்கூட, அவள் ஒழுக்கமானவள் என்று முதலில் சத்தியம் செய்துவிட்டுத்தான் கவிதைக்கு வந்தார்களாம். படித்ததும் வெட்கமாகப் போயிற்று, மகளே. அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்துவிட்டு, அப்படியானால் நிஜமாகவே யாரும் இல்லையா என்கிறார். எனக்கு வந்ததே கோபம். “யார நெனச்சுன்னு கேக்காதீங்க, நல்லா எழுதியிருக்காளான்னு கேளுங்க” என்றேன். இன்று காலையில் அவராகவே புரொபசருக்கு மன்னிப்புக் கேட்டு ஈமெயில் எழுதினார். படிப்பைத் தொடர்வதாக ரெபெக்கா தன் வாயால் சொல்லட்டும், இருபதாம் தேதிக்குள் சொல்லாவிட்டால் அந்த இடம் வேறு மாணவிக்குப் போய்விடும் என்று பதில் வந்திருக்கிறது. எங்கள் அவசரத்தால் உன் படிப்பு போய்விடக் கூடாது. டிக்கெட்டைப் பற்றி நினைக்காதே, எங்கள் மேல் உள்ள கோபத்தில் படிப்பை விட்டுவிடாதே. உடனே புரொபசரைப் போய்ப் பார்.

நோட்டைப் பென்சிலால் திருத்தி இத்துடன் கூரியரில் அனுப்புகிறேன். ஏழாவது கவிதையில் மட்டும் கை வைக்கவில்லை, திருத்த இடமில்லாமல் நன்றாக எழுதியிருக்கிறாய், அது அப்படியே இருக்கட்டும். குளிருக்கு அந்தப் பச்சை ஸ்வெட்டரைப் போட்டுக்கொள், வேளைக்குச் சாப்பிடு. ஆண்டவர் உன் கூடவே இருப்பார். பதினெட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்ததும் போன் செய்வேன், எடு. யார் என்று கேட்க மாட்டேன்.

உன் அம்மா,
ஜோசபின்