மாட்டுங்கா வீட்டுக் கிணற்று ஜலம்

செம்பூர்
புதன்கிழமை

அன்புள்ள வந்தனாவுக்கு, அத்திம்பேர் வெங்கி எழுதுவது. நாக்பூரில் நீயும் சாய்நாத்தும் சௌக்கியமாக இருக்க வேண்டும்.

நேற்றுக் காலை பதினொன்று நாற்பதுக்கு உன் செய்தி வந்தது. லேபில் இருந்தேன். குழந்தை உண்டாகியிருக்கிறது, ஏழாம் மாதம் மாட்டுங்காவுக்கு அம்மாவிடம் வந்துவிடுவேன் என்று எழுதியிருந்தாய். சந்தோஷம். அதை நேற்றே சொல்லியிருக்க வேண்டும். அப்போது என் முன்னால் ஒரு ரிப்போர்ட் திறந்து கிடந்தது. அதையும் உன் செய்தியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். போனில் ஆரம்பித்தால் முடிக்க மாட்டேன், அதனால் கடிதம். உனக்குத் தமிழ் மெதுவாகத்தான் வாசிக்க வரும். மெதுவாகவே படி.

அது உங்கள் மாட்டுங்கா பில்டிங் கிணற்றுத் தண்ணீரின் ரிப்போர்ட்.

உன் அக்கா மானசாவுக்கு வந்தது ஹெபடைடிஸ் ஈ என்ற மஞ்சள் காமாலை, பெரும்பாலும் தண்ணீர் வழியாக வருவது என்று டாக்டர் சொன்னபோது நீயும் பக்கத்தில் இருந்தாய். அன்று என் தலையில் எதுவும் ஏறவில்லை. அவள் காரியங்கள் முடிந்து வேலைக்குத் திரும்பி, யார் யார் வீட்டுத் தண்ணீரையோ பரிசோதித்துக்கொண்டிருந்தபோதுதான் ஏறியது. போன வாரம் கிருமி நீக்கிய பாட்டில்களும் ஐஸ் பெட்டியும் எடுத்துக்கொண்டு மாட்டுங்கா போனேன். எதற்கென்று சொல்லவில்லை. அம்மா தானே வாளியை இறக்கி மொண்டு கொடுத்தார். "ஆத்துக்கு எடுத்துண்டு போறேளா மாப்பிள்ளை? தாராளமா எடுத்துக்கோங்கோ. மானசாவுக்கு இந்த ஜலம்னாத்தான் தாகம் அடங்கும்" என்றார். வாளி அழுக்கு என்று யாரும் சொல்லிவிடக் கூடாதென்று பம்ப் குழாயிலும் ஒரு பாட்டில் பிடித்தேன். பெட்டியோடு கிங்ஸ் சர்க்கிளில் ரயில் ஏறியவன், செம்பூர் வண்டிக்கு மாற வடாலாவில் இறங்க மறந்து, சிவ்ரி வரை போய்த் திரும்பினேன்.

சொஸைட்டி செக்ரட்டரி ஜம்பு மாமாவின் சட்டைப் பையில் எப்போதும் ஒரு பேனா மீட்டர் இருக்குமே, அது தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று மட்டும் சொல்லும். முந்நூற்றுப் பத்து காட்டும். ஐந்நூறுக்குள் இருந்தால் நல்லது. அவர் பொய் சொல்லவில்லை. என் ரிப்போர்ட்டிலும் உப்பு ஏறக்குறைய அதேதான். ஆனால் நைட்ரேட் நாற்பத்தைந்தைத் தாண்டக் கூடாது, அறுபத்திரண்டு இருக்கிறது. ஈ.கோலை என்ற கிருமி நூறு மில்லியில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. இரண்டு பாட்டிலிலும் இருக்கிறது. சாக்கடை கலக்கிறது என்று அர்த்தம். பின்பக்கத்துச் சாக்கடைக் குழாயில் எங்கோ விரிசல். கண்ணுக்குத் தெரியாது, நாற்றம் வராது, ருசியும் மாறாது.

குடிக்கவும் சமைக்கவும் அம்மா முனிசிபல் தண்ணீரைக் காய்ச்சித்தான் வைப்பார். பெருமாளுக்கு மட்டும் குழாய்த் தண்ணீர் மடியில்லை. கிணற்று ஜலம், காய்ச்சாமல், துளசியும் ஏலக்காயும் போட்டு, அதுதான் தீர்த்தம். சீமந்தம் முடிந்து அங்கே இருந்த மழை நாட்களில் மானசா தினமும் கையேந்தி வாங்கிக் குடித்தாள். வயிற்றுப் பிள்ளைக்கு என்று அம்மா இன்னொரு உத்தரணி கூட விடுவார்.

எல்லோரும் அதைத்தானே குடித்தோம் என்பாய். குடித்தோம். அம்மாவுக்கே அப்போது லேசான ஜுரம், வாய்க்கசப்பு. பித்தம் என்று இஞ்சிச் சாறு குடித்தார். நமக்கு வந்து போய்விடும். மாதம் ஏறிய பெண்ணுக்கு ஈரல் தாங்குவதில்லை.

நேற்றுச் சாயங்காலமே ரிப்போர்ட்டை ஜம்பு மாமாவிடம் கொடுத்தேன். "நான் பொறந்ததுலேர்ந்து குடிக்கறேன், குத்துக்கல்லாட்டம் இருக்கேனேடா" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். பையிலிருந்த பேனா மீட்டரை எடுத்து டிராயரில் போட்டார். அப்போதே பம்ப்பை நிறுத்தி, கிணற்று மூடிக்கும் பூட்டுப் போட்டுவிட்டார். இப்போதைக்கு ரிப்பேர் என்று சொல்லியிருக்கிறார். திங்கட்கிழமை காரணத்தோடு நோட்டீஸ் ஒட்டுவார். ஒட்டத்தான் வேண்டும், மற்ற வீடுகளிலும் பெண்கள் இருக்கிறார்கள்.

அம்மா அதைப் படிப்பார்.

வந்தனா, நீ மாட்டுங்கா போக வேண்டாம். பிரசவத்துக்கு அம்மா நாக்பூர் வரட்டும். அங்கேயும் காய்ச்சி ஆறிய தண்ணீர்தான், தீர்த்தம் உட்பட. பெருமாள் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இன்னொன்று கேட்கிறேன். திங்கட்கிழமைக்கு முன்னால் நீயே அம்மாவிடம் பேசிவிடு. அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்பார். இந்த ரிப்போர்ட் போன வாரத்துத் தண்ணீருக்கு மட்டும்தான், அந்த மழையில் கிணற்றில் என்ன இருந்தது என்று யாரும் பரிசோதிக்கவில்லை என்று சொல். அது பொய் இல்லை. நான் சொன்னால் நிற்காது. என் குரலே வேறு பதில் சொல்லிவிடும்.

நீயும் குழந்தையும் நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். இதை மானசாவும் சேர்ந்து சொன்னதாக வைத்துக்கொள்.

விளக்கேற்றியதும் அம்மா எனக்குப் போன் செய்வார், சாப்பிட்டேளா என்று கேட்க. அந்த நேரம் ஆகிறது. போனை அணைத்து வைத்துவிட்டேன்.

உன் அத்திம்பேர்,
வெங்கி