மூன்று அமினோ அமிலங்கள்

2024 மார்ச் 4, திங்கள்

பிளஸ்ஸி பிறந்து ஐந்து நாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் அம்மா வீட்டில் இருக்கிறேன். காலையிலிருந்து தூக்கம்தான், அழுகையே இல்லை. தொந்தரவில்லாத பிள்ளை என்கிறாள் அம்மா. பால் குடிக்கவும் சோம்பல். உள்ளங்காலைச் சுண்டிச் சுண்டி எழுப்பிக் கொடுத்தேன். மூத்திரத் துணியில் சீனி தீய்ந்த மாதிரி ஒரு வாசம். ராஜபாளையத்தில் மில் ஷிப்ட் முடித்து வந்த ஆல்வின் மோந்து பார்த்துச் சிரித்தார். "ஏட்டி, நம்ம பிள்ள மிட்டாய்க்கடையில பொறந்திருக்கா."

மார்ச் 7

மதுரை ஆஸ்பத்திரி. வலிப்பு. கண்ணாடிக்கு வெளியே நிற்கிறோம்.

மார்ச் 9

பிளஸ்ஸி போய்விட்டாள்.

மார்ச் 12

பால் கட்டிக்கொண்டு வலிக்கிறது. வற்றுவதற்கு மல்லிகைப்பூ வைத்துக் கட்டினார்கள். கல்யாணப் பெண் மாதிரி பூ வாசத்தோடு படுத்திருக்கிறேன்.

ஏப்ரல் 3

ரிப்போர்ட் வந்தது. லியூசின், ஐசோலியூசின், வாலின். புரதத்தில் இருக்கும் இந்த மூன்றையும் உடைக்கிற நொதி பிள்ளை உடம்பில் வேலை செய்யவில்லை. உடையாமல் தேங்கி மூளைக்கு விஷமாகிவிட்டது. அந்தக் குறையில் ஆளுக்கு ஒரு பங்கு என்னிடமும் ஆல்வினிடமும் இருக்கிறது. அவர் என் தாய்மாமா மகன். தாத்தா வழியிலோ ஆச்சி வழியிலோ இரண்டு பேருக்கும் வந்திருக்கும் என்றார் டாக்டர். பிறந்ததுமே ரத்தம் பார்த்து, வேறு பால் கொடுத்திருந்தால் பிழைத்திருக்கலாமாம்.

தாய்ப்பாலிலும் அந்த மூன்றும் உண்டா என்று கேட்டேன். எனக்குத் தெரியாதா? பன்னிரண்டு வருஷமாகப் பிளஸ் டூவுக்கு வேதியியல் எடுக்கிறேன். வேண்டாம் என்று தூங்கினவளை எழுப்பி எழுப்பிக் குடுத்தேனே.

ஆகஸ்ட் 6

உயிரியல் மூலக்கூறுகள் பாடம். உடம்பால் செய்துகொள்ள முடியாத, உணவில் வந்தே ஆக வேண்டிய அமினோ அமிலங்களைப் பலகையில் எழுதினேன். மூன்று பெயரோடு கை நின்றுவிட்டது. சத்யப்பிரியா எழுந்து, "மிஸ், மிச்சத்த நான் எழுதட்டா?" என்றாள். எழுதினாள். ஒரு பிழையில்லை.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

தம்பி எபனேசருக்கும் ஆல்வினின் தங்கை இவாஞ்சலினுக்கும் நிச்சயதார்த்தம் பேச ஆல்வினின் அப்பா, என் மாமா, அம்மா வீட்டுக்கு வந்திருந்தார். எபனேசருக்கும் அவளுக்கும் ரொம்ப நாள் ஆசை. காபியை வைத்துவிட்டுச் சொன்னேன்: "ரெண்டு பேருக்கும் ரத்தம் பாத்துட்டுப் பொறவு பேசுவோம் மாமா."

மாமா காபியைத் தொடவில்லை. "எம் மகளுக்கு என்ன கோளாறு?" என்று கேட்டார். எழுந்து போய்விட்டார்.

அம்மா வாசலைப் பார்த்தபடியே சொன்னாள்: "எங்க அண்ணன ஒரு வாய் காப்பி குடிக்க விடலியேட்டி. பிள்ளையத் தின்னது பத்தாதா ஒனக்கு?"

அம்மா. என் அம்மா சொன்னாள்.

அக்டோபர் 19

இவாஞ்சலினைச் சோதனைக்கு அனுப்ப மாமா மறுத்துவிட்டார். தளவாய்புரத்தில் வேறு மாப்பிள்ளை பார்க்கிறார்களாம். ஆல்வின் அவர் அப்பாவிடம் பேசப் போனார். திரும்பி வந்ததும் ஷிப்டுக்குக் கிளம்பிவிட்டார். எபனேசர் மட்டும் என்னோடு மதுரைக்கு வந்து ரத்தம் கொடுத்தான்.

பஸ்ஸில் கேட்டான்: "எனக்கு இல்லைனா போதுமாக்கா?"

"போதும். ஒருத்தருக்கு இல்லைனா பிள்ளைக்கு அந்த நோய் வராது."

"அப்போ அந்தத் தாள மாமாட்டக் காட்டுதேன்."

நவம்பர் 22

எபனேசருக்கு இல்லை.

தாளை எடுத்துக்கொண்டு நானும் அவனோடு மாமா வீட்டுக்குப் போனேன். அவர் கையில் வாங்கவில்லை. "தளவாய்புரத்துக்காரவியளுக்கு வாக்குக் குடுத்தாச்சு. எம் மக ரத்தத்தச் சந்தேகப்பட்ட வீட்டுக்கு அவள அனுப்ப மாட்டேன்." அறைக்கதவின் பின்னால் இவாஞ்சலின் நிற்பது தெரிந்தது. வெளியே வரவில்லை.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமோ? இருந்து, இவனுக்கும் அது இருந்திருந்தால்?

திரும்பி வரும்போது எபனேசர், "நீ சொன்னது சரிதான்க்கா" என்றான். திட்டியிருக்கலாம்.

2025 ஜனவரி 12, ஞாயிறு

ராஜபாளையம் கோயிலில் ஆராதனை நடுவே கல்யாண அறிவிப்பின் மூன்றாம் ஓலை வாசித்தார்கள். இவாஞ்சலின், மணமகன் காசிராஜன், தளவாய்புரம். அம்மா என் பக்கத்தில் இருந்தாள். எபனேசரும் வந்திருந்தான், ஆண்கள் பக்கத்தில், ஆல்வினை ஒட்டி. ஏன் வந்தான்?

இந்த விவாகத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று போதகர் ஐயர் வாசித்து, சற்று நிறுத்தினார். அம்மா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

யாரும் எழவில்லை. பாட்டு எண் சொன்னதும் எல்லோரும் எழுந்தார்கள். எபனேசரும் எழுந்தான்.