ஏழாம் கிரீனில் பூத்த உப்பு

இன்று காலை ஏழாம் கிரீனின் ஓரத்தில் மண்டி போட்டு மண்ணை நக்கினேன். ஐம்பத்தாறு வயசு ஆள், தலையில் கம்பெனித் தொப்பி, கழுத்தில் அடையாள அட்டை. களையெடுக்க வந்த பெண்கள் ஒருத்தியை ஒருத்தி இடித்துச் சிரித்தார்கள். சிரித்தால் சிரிக்கட்டும். விரல் நுனியில் ஒட்டிய வெள்ளைப் பொடி நாக்கில் பட்டதும் தெரிந்துவிட்டது. உப்பு. இருபது வருஷத்துக்கு முந்தி கடலோரத்தில் நீ நக்கிக் காட்டிய அதே ருசி.

நீ போய் ஒன்றரை வருஷம் ஆகப்போகிறது. நாம் கடிதம் எழுதிப் பழகியவர்கள் இல்லை. ஆனால் இன்றைக்கு யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும். சொல்லக்கூடிய ஆள் நீ ஒருவன்தான், நீயும் இல்லை. பம்ப் ரூமில் ஒரு ஆயில் டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, பழைய ரிஜிஸ்டரின் பின்பக்கத் தாள்களில் எழுதிக்கொண்டிருக்கிறேன். மணி ஏழேகால். பத்து மணிக்கு மேனேஜர் வரச் சொல்லியிருக்கிறார்.

விஷயம் இதுதான். கிணத்துக்கடவு தாண்டி, தென்னந்தோப்புகளுக்கு நடுவே, வில்லாக்களைச் சுற்றிப் போட்டிருக்கும் இந்த ஒன்பது குழி கோல்ஃப் மைதானத்தை நான்தான் பார்த்துக்கொள்கிறேன் என்று உனக்குத் தெரியும். போர்வெல் பங்குனியிலேயே கைவிட்டுவிட்டது. வில்லாக்களின் கழிவுநீரைச் சுத்தம் செய்து குட்டையில் விடுகிறார்கள். அதில் உப்பு உண்டு, ஆனால் அது ஒன்றுதான் கதி. குட்டையும் பாதிக்குக் கீழே போய்விட்டது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வந்துவிட்டது, மழையைக் காணோம். குழி இருக்கும் அந்த வட்டப் புல்லைத்தான் கிரீன் என்கிறோம். மூன்று வாரத்துக்கு முன்பு நான் பயந்துபோய், கிரீன் ஒன்றுக்குத் தினமும் அஞ்சு நிமிஷத் தண்ணீர் போதும் என்று சொல்லிவிட்டேன். வாய்வார்த்தையாகத்தான், எங்கும் எழுதவில்லை. பம்ப் ஓட்டுகிற ஆரோக்கியம், போத்தனூரிலிருந்து மொபெட்டில் வருகிற மனுஷர், அப்போதே சொன்னார்: "பத்தாதுங்க சார். மேல நனைஞ்சு மேலயே காஞ்சுருமுங்க." நான் காதில் வாங்கவில்லை.

இப்போது மூன்று கிரீன்கள் மஞ்சளடித்துவிட்டன. அடுத்த ஞாயிறு உறுப்பினர்களுக்குப் போட்டி. மேனேஜர் புதுசு. ஆரோக்கியம் சரியாகப் பம்ப் ஓட்டாமல் ஏமாற்றிவிட்டார் என்று அவரே முடிவு கட்டிவிட்டார். நேற்றுச் சாயங்காலம் போனில், ரெண்டு பேரும் வாங்க, அந்த ஆளை நாளையோடு அனுப்பிவிடலாம் என்றார். நான் "சரிங்க சார்" என்றேன். ஆமாம், சரிங்க சார் என்றுதான் சொன்னேன். உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

காலையில் உப்பை ருசி பார்த்த கையோடு ஆரோக்கியத்திடம் ஏழாம் கிரீனின் வால்வை முழுசாகத் திறக்கச் சொன்னேன். நீ செய்கிற மாதிரியே இரண்டு எவர்சில்வர் டம்ளர்கள். ஒன்று உள்ளே வருகிற தண்ணீருக்கு, இன்னொன்று, புல்லுக்கு அடியில் புதைத்த அடிக்குழாய் வழியாக வடிந்து வெளியே போகிற தண்ணீருக்கு. இரண்டும் ஒரே ருசிக்கு வரும்வரை நிறுத்தக் கூடாது. தண்ணீர் ஓடுகிற சத்தம் இங்கே கேட்கிறது.

அந்தக் கடலோர கோல்ஃப் ரிசார்ட்டுக்கு நாம் இருவரும் ஒரே வாரத்தில் போய்ச் சேர்ந்தோம். நான் தோட்டக்கலை டிப்ளமா. நீ உக்கடத்தில் மோட்டார் காயில் கட்டிக்கொண்டிருந்தவன், பம்ப் ஹவுசுக்கு ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டு வந்தவன். முதல் நாளே என் பேச்சைக் கேட்டுவிட்டு, "ஏனுங்க, நம்மூருங்களா?" என்று கையைப் பிடித்துக்கொண்டாய். மறுநாளே 'ங்க' போய் 'மாப்ள' வந்துவிட்டது. சவுக்குத் தோப்புக்கு அந்தப் பக்கம் கடல், இந்தப் பக்கம் பதினெட்டுக் குழி. சென்னையிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் விடுமுறைக்கு வந்தவர்கள் தூங்கி எழுவதற்குள் எல்லாம் முடிந்திருக்க வேண்டும். நீள மூங்கிலால் கிரீன்மீது வீசிப் பனியை உதிர்ப்போம். சவுக்கு ஊசிகளைக் கூட்டுவோம். நண்டு தோண்டிய வளைகளை மண் போட்டு அடைப்போம். ஒருநாள் நண்டு வளைக்குள் ஒரு வெள்ளைக்காரரின் பந்து போய்விட, ஆட்டத்தின் விதிப்படி என்ன செய்வது என்று அவர்கள் நால்வரும் விவாதம் நடத்த, நீ படுத்துக் கையை விட்டு நண்டோடு சேர்த்துப் பந்தை எடுத்துக் கொடுத்தாய். இங்கே நண்டு இல்லை, மயில்கள் கிளறுகின்றன. வேலை ஒன்றுதான்.

இரண்டாம் வருஷக் கோடையில் நீ மீலாது விழாவுக்கு ஊருக்குப் போனாய். போகும்போது என்னிடம் இரண்டு விஷயம் சொன்னாய். தண்ணீரைக் குறைக்காதே. வாரம் ஒருமுறை அடிக்குழாய் மூடியைத் திறந்து, வேர் அடைத்திருக்கிறதா என்று பார். நான் இரண்டையும் செய்யவில்லை.

ஏன் செய்யவில்லை என்று உனக்குத் தெரியும். மற்றவர்களுக்குச் சொன்னால் புரியாது. எங்கள் காட்டில் அப்பா நாலு போர் போட்டார், நாலிலும் புகைதான் வந்தது. வாய்க்காலில் எலி வளை போட்டுத் தண்ணீர் கசிந்தால் வீட்டில் சாவு விழுந்த மாதிரி உட்கார்ந்திருப்பார். குளித்த தண்ணீர் முருங்கைக்குப் போகும், அரிசி களைந்த தண்ணீர் மாட்டுக்குப் போகும். அந்த வீட்டில் வளர்ந்தவன் கையில் பதினெட்டுக் கிரீனின் வால்வைக் கொடுத்தால் என்ன செய்வான்? நீ பஸ் ஏறிய மறுநாளே ஒவ்வொன்றிலும் பாதியைக் குறைத்தேன். எவ்வளவு தண்ணீர் மிச்சம் என்று மனசுக்குள் பெருமை வேறு.

கடலோரக் கிணற்றுத் தண்ணீரில் உப்பு இருக்கும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. கொஞ்சமாக விட்டால் தண்ணீர் காற்றில் போய்விடும், உப்பு மட்டும் வேர்மேல் தங்கும் என்பதுதான் உறைக்கவில்லை. புல் முதலில் நீலம் பாய்ந்தது, பிறகு மஞ்சளானது. பசி போலிருக்கிறது என்று உரத்தைப் போட்டேன். உரமும் உப்புத்தான். எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றினேன்.

பத்து நாள் கழித்து, கையில் ஊர் பேக்கரி வர்க்கிப் பொட்டலத்தோடு நேராக ஒன்பதாம் கிரீனுக்கு வந்தாய். பொட்டலத்தை என்னிடம் கொடுத்துவிட்டுக் குனிந்து, புல்லடி மண்ணைக் கிள்ளி வாயில் போட்டுத் துப்பினாய். என்னையும் நக்க வைத்தாய்.

"மாப்ள, நீ புல்லுக்குத் தண்ணி உடல. கருவாடு போட்டிருக்கற."

சொல்லிவிட்டு நீயே சிரித்தாய். எனக்கு அழுகை வந்தது. அதைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டு, எல்லா வால்வையும் திறந்தாய். தண்ணீர் கிரீன் நிறைந்து, வழிந்து, மணல் பள்ளங்களில் எல்லாம் ஓடியது. என்னால் பார்க்க முடியவில்லை. வயிறு எரிந்தது. பம்ப் ஹவுசுக்குப் பின்னால் போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டேன். நீ தேடி வந்து தோளைத் தொட்டாய்.

"உங்கூர்ல தண்ணி பயிருக்குச் சோறு. இங்க தண்ணி வெளக்கமாறு. கூட்டித் தள்ளோணும் மாப்ள."

ஆனால் தண்ணீர் வடியவில்லை. அடிக்குழாயைச் சவுக்கு வேர் அடைத்திருந்தது. நீ குழிக்குள் படுத்து, தோள்வரை கையை விட்டு, வேரைக் கத்தை கத்தையாகப் பிடுங்கினாய். நான் பார்க்காமல் விட்ட குழாய். நீ அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பதினேழு கிரீன் பிழைத்தது. ஒன்பதாவது செத்துப்போனது.

மேனேஜர் கூப்பிட்டு விசாரித்தபோது நான் வாயைத் திறப்பதற்குள் நீ முந்திக்கொண்டாய். "அடிக்குழா அடைச்சுக்கிச்சுங்க. அது என்ற பொறுப்புங்க." அவ்வளவுதான் சொன்னாய். உன்னைப் பம்ப் ஹவுசிலிருந்து எடுத்து, வண்டி ஷெட்டில் பேட்டரி வண்டிகளைக் கழுவப் போட்டார்கள். ஒரு வருஷம். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன், வாயைத் திறக்கவில்லை. எனக்குப் புதிதாகக் கல்யாணம் ஆகியிருந்தது, வேலை போய்விடுமோ என்று பயம். உனக்கு மட்டும் வேலை போனால் பரவாயில்லையா? அன்று இந்தக் கேள்வியை நான் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. வண்டி ஷெட் வழியாகப் போகிற நாளெல்லாம் நீ ஹோஸ் பைப்பால் என்மேல் தண்ணீர் அடித்து விளையாடுவாய். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். நீ எனக்கு உப்பைக் கழுவி விட்டவன், உன்னை எப்படி மறப்பது?

கடைசியாக உன்னை உக்கடத்து வீட்டில் பார்த்தேன். பக்கவாதத்தில் இடது கை விழுந்திருந்தது. டாக்டர் உப்பை அடியோடு நிறுத்தச் சொல்லியிருந்தார். உப்பில்லாத கஞ்சியைக் காட்டி, "பாரு மாப்ள, என்ற கிரீன இப்பத்தான் கழுவறாங்க" என்றாய். எத்தனையோ வருஷமாகத் தொண்டையில் நின்றதை அன்று சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்திருந்தேன். அன்னிக்கு அந்த அடிக்குழாய், என்று ஆரம்பித்தேன். நீ நல்ல கையைத் தூக்கி நிறுத்தினாய்.

"அது எப்பவோ வடிஞ்சுபோச்சு மாப்ள. நீ மனசுக்குள்ள மோட்டார ஓட்டாத. காயில் எரிஞ்சுரும்."

உனக்கு வடிந்திருக்கும். எனக்கு வடியவில்லை. உன் வீட்டம்மா டீ கொண்டுவந்தார்கள், குடித்துவிட்டு வந்துவிட்டேன். அதற்கப்புறம் உன்னை ஜனாஸாப் பெட்டியில்தான் பார்த்தேன்.

மணி ஒன்பதே முக்கால். ஆரோக்கியம் இப்போதுதான் வெளித் தண்ணீர் டம்ளரை நீட்டினார். வாயில் வைக்க முடியாத உப்பு. ஆனால் வடிகிறது, அடைப்பில்லை. இவர் வாராவாரம் மூடியைத் திறந்து பார்த்திருக்கிறார், நான் சொல்லாமலே. "குட்டையில இன்னம் ரெண்டடிதானுங்க சார் இருக்குது, நிறுத்தீரட்டுமா?" என்று கேட்டார். ஓட விடுங்கள் என்றேன். குட்டை வற்றி மழையும் வராவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. ஆபீசில் என்ன நடக்கப்போகிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. சட்டையை மாற்றித் தலை வாரியிருந்தார். அஞ்சு நிமிஷம் என்று சொன்னது நீங்கள்தானே என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். போய்விட்டு வருகிறேன்.

மணி பன்னிரண்டு. சொல்லிவிட்டேன்.

மேனேஜர் ஆரோக்கியத்தைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். இந்த வயசில் வேறெங்கே போய் வேலை கேட்பேன், பெண்ணின் படிப்பு இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறதே என்றெல்லாம் அந்த ஒரு நிமிஷத்தில் எனக்குள் ஓடியது. காயில் எரிகிற வாசனையே வந்த மாதிரி இருந்தது. பிறகு என் வாயிலிருந்து உன் குரல் வந்தது. "தண்ணியக் கொறைக்கச் சொன்னது நானுங்க. அது என்ற பொறுப்புங்க." நீ சொன்னபோது அது பொய். இன்றைக்கு நான் சொன்னது நிஜம்.

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். பத்தாதென்று யாரும் உங்களிடம் சொல்லவில்லையா என்றார். இவர் சொன்னார், நான் கேட்கவில்லை என்றேன். ஆரோக்கியம் இருக்கட்டும், என் விஷயத்தைத் திங்கட்கிழமை பேசலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். திங்கட்கிழமை என்ன சொல்வாரோ, தெரியாது. ஆரோக்கியம் வெளியே வந்து மொபெட்டை எடுக்கவில்லை, நேரே அடிக்குழாய்க்குப் போனார்.

இப்போது ஏழாம் கிரீனின் கரையில் நிற்கிறேன். தண்ணீர் வழிந்து, ஒரு பிரயோசனமும் இல்லாத மாதிரி பள்ளத்தில் ஓடுகிறது. வயிறு எரியத்தான் செய்கிறது. சுவருக்குப் பின்னால் போகாமல் பார்த்துக்கொண்டு நிற்கிறேன், உனக்காக. இரண்டு டம்ளரையும் ஒன்றன்பின் ஒன்றாக வாயில் வைத்துப் பார்த்தேன். வெளித் தண்ணீர் இன்னும் கொஞ்சம் கரிக்கிறது. வால்வை மூடவில்லை.